சாளை எண்ணெயும் யூரியாச் சிறையும்

(வேதிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி)

ஒமேகா என்று சொன்னவுடன் நம் பாலிடெக்னிக்கில் துறைக்கு ஒன்று ஞாபகம் வரும். எலக்ட்ரிக்கல் துறை அண்ணன்மாருக்கு அது மின்தடையை அளக்கிற 'ஓம்'. மெக்கானிக்கல்காரர்களுக்குச் சுழலும் சக்கரத்தின் கோண வேகம். வசதி உள்ளவர்களுக்குக் கைக்கடிகாரம். எங்கள் கெமிக்கல் துறைக்கு மட்டும் அது ஒரு வால்! கிரேக்க நெடுங்கணக்கின் கடைசி எழுத்து ஒமேகா. அதனால் ஒரு நீண்ட மூலக்கூறின் கடைசி முனைக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். அந்த வாலில் என்ன விசேஷம், மீன் எண்ணெயில் இருக்கிற அந்தச் சரக்கை எப்படிப் பிரித்துச் செறிவாக்குகிறார்கள், மருந்துக் கடையில் அதற்கு ஏன் அவ்வளவு விலை என்பதை எல்லாம் இந்த மலரில் எழுதலாம் என்று உத்தேசம். சமன்பாடு எழுதி யாரையும் விரட்ட மாட்டேன். பயப்படாமல் படிக்கலாம்.

எண்ணெய் எதுவானாலும் அமைப்பு ஒன்றுதான். கிளிசரால் என்று ஒரு சின்ன மூலக்கூறு. அதில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்கும். மூன்று பல் உள்ள சீப்பு என்று வைத்துக் கொள்ளுங்கள். இந்தப் பல் ஒவ்வொன்றும் கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலி. ஒரு முனையில் அமிலத் தலை, மறு முனையில் மூன்று ஹைட்ரஜனோடு ஒரு கார்பன். அதுதான் ஒமேகா முனை. சங்கிலியில் எல்லாம் ஒற்றைப் பிணைப்பாக இருந்தால் நிறைவுற்ற கொழுப்பு. இடையில் இரட்டைப் பிணைப்பு வந்தால் நிறைவுறாதது. வால் முனையிலிருந்து எண்ணிக்கொண்டு வரும்போது மூன்றாவது கார்பனில் முதல் இரட்டைப் பிணைப்பு வந்தால் அது ஒமேகா-3. ஆறாவதில் வந்தால் ஒமேகா-6. அவ்வளவுதான் ரகசியம்.

வகுப்பில் தலையிலிருந்து எண்ணச் சொல்லிக் கொடுத்துவிட்டு இங்கே மட்டும் ஏன் வாலிலிருந்து எண்ண வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். காரணம் நம் உடம்பு. உடம்பு இந்தச் சங்கிலியை நீட்டுவதானாலும் குறைப்பதானாலும் தலைப் பக்கத்தில்தான் கை வைக்கும். வாலைத் தொடாது. ஆகவே உள்ளே எத்தனை மாற்றம் நடந்தாலும் ஒமேகா-3 ஒமேகா-3 ஆகவே இருக்கும். வால் பக்கம் மூன்றாம் இடத்திலோ ஆறாம் இடத்திலோ புதிதாக ஓர் இரட்டைப் பிணைப்பு போடுகிற நொதி மனிதனிடம் கிடையாது. சாப்பாட்டில்தான் வந்தாக வேண்டும். 1929-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் வளர்ச்சி நின்று, தோல் செதில் செதிலாக உரிந்து போயின. கொழுப்பிலும் 'இன்றியமையாதது' என்று ஒன்று உண்டு என்பது அங்கே இருந்துதான் தெரிய வந்தது.

ஒமேகா-3-ல் முக்கியமானவை மூன்று. ஆளி விதையில் இருப்பது 18 கார்பனும் 3 இரட்டைப் பிணைப்பும் கொண்ட லினோலெனிக் அமிலம். கடல் எண்ணெயில் இருப்பவை இரண்டு: 20 கார்பன், 5 இரட்டைப் பிணைப்பு உள்ள ஐகோசாபென்டாயினோயிக் அமிலம், 22 கார்பன், 6 இரட்டைப் பிணைப்பு உள்ள டோகோசாஹெக்சாயினோயிக் அமிலம். பெயரைப் படித்து நாக்குச் சுளுக்கிக் கொள்ள வேண்டாம். இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்று சுருக்கியே சொல்வார்கள். ஆளி விதை அமிலத்தை உடம்பே இந்த இரண்டாக மாற்றிக் கொள்ளும், ஆனால் கொஞ்சமாகத்தான் மாற்றும். மீனும் இவற்றைத் தானாகப் பெரிய அளவில் செய்வதில்லை என்பது பலருக்குத் தெரியாது. செய்வது கடலில் மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள். அதைச் சாளை தின்கிறது. சாளையை நெய்மீன் தின்கிறது. இரண்டையும் நாம் தின்கிறோம்.

இனி வடிவத்துக்கு வருவோம். பின்னால் வரப்போகும் யூரியா வித்தைக்கு இதுதான் ஆதாரம். இயற்கையில் இந்த இரட்டைப் பிணைப்புகள் 'ஒருபக்க' வகை. ஒவ்வொரு பிணைப்பும் சங்கிலியை ஒரு பக்கமாக வளைக்கும். பிணைப்பே இல்லாத ஸ்டியரிக் அமிலம் நேரான குச்சி. ஆறு பிணைப்பு உள்ள டி.எச்.ஏ. சுருட்டிப் போட்ட தூண்டில் நரம்பு. குச்சிகளைக் கட்டாக அடுக்கலாம், சுருண்ட நரம்பை அடுக்க முடியாது. அதனால் ஸ்டியரிக் அமிலம் உருக சுமார் 70 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஒரே ஒரு பிணைப்பு உள்ள ஒலியிக் அமிலத்துக்கு 13 டிகிரி போதும். டி.எச்.ஏ. சைபருக்குக் கீழே 44 டிகிரி வரைக்கும்கூட உறையாது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கட்டியாகி, வெயிலில் வைத்து உருக்கித் தலைக்குத் தேய்க்கிறோமே, அதே குளிரில் சாளை எண்ணெயின் அடியில் கொஞ்சம் வெள்ளையாகப் படியும், மேலே ஓடிக்கொண்டுதான் இருக்கும். படிந்ததை வடிகட்டி எடுத்துவிட்டாலே மீதி எண்ணெயில் ஒமேகா-3 சற்றுக் கூடிவிடும். செறிவாக்கலின் முதல் பாடம் இது. தொழிற்சாலையில் 'வின்டரைசேஷன்' என்பார்கள்.

இரட்டைப் பிணைப்பு எத்தனை இருக்கிறது என்று அறிய நாம் ஆய்வகத்தில் செய்கிற சோதனைதான் அயோடின் எண். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினைப் பிடித்துக் கொள்கிறது என்பது கணக்கு. தேங்காய் எண்ணெய்க்கு 7 முதல் 10. கடலை எண்ணெய்க்கு 90-ஐ ஒட்டி. நல்லெண்ணெய்க்கு 110-ஐ ஒட்டி. சாளை எண்ணெய் 160-ஐத் தாண்டும். சுத்தமான டி.எச்.ஏ. கிடைத்தால்? அதன் மூலக்கூறு எடை சுமார் 328. ஆறு அயோடின் மூலக்கூறு பிடிக்கும். கணக்குப் போட்டால் 464 வரும். போட்டுப் பாருங்கள், செமஸ்டருக்கு உதவும்.

இவ்வளவு இரட்டைப் பிணைப்பு இருப்பது பலம் மட்டும் இல்லை, பலவீனமும் அதுதான். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிக் கொண்ட கார்பனில் இருக்கிற ஹைட்ரஜன் ரொம்பத் தளர்வாக இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் முதலில் கை வைப்பது அதில்தான். ஒன்று போனதும் தொடர்வினை. பெராக்ஸைடு உண்டாகி, அது உடைந்து ஆல்டிஹைடுகள் ஆகி, நாம் 'சிக்கு வாடை' என்கிறோமே அது வந்துவிடும். டி.எச்.ஏ.யில் இப்படிப்பட்ட தளர்ந்த இடங்கள் ஐந்து, இ.பி.ஏ.யில் நான்கு. ஒலியிக் அமிலத்தில் ஒன்றுமே இல்லை.

எங்கள் ஊரில் மர வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் மீன் எண்ணெய் பூசுவது வழக்கம். தாத்தா துணியில் முக்கித் தேய்த்து வெயிலில் காயப் போடுவார். இரண்டு நாளில் அது பிசின் மாதிரி இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காது. தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் எந்த எண்ணெய் காயும், எந்த எண்ணெய் காயாது என்று அவருக்குத் தெரியும். தேங்காய் எண்ணெயை வள்ளத்துக்குப் பூசி ஒரு வருஷம் வெயிலில் வைத்தாலும் இறுகாது, பிசுபிசுப்போடு நின்றுவிடும். காயும் எண்ணெய், காயா எண்ணெய் என்று எங்கள் பாடப் புத்தகம் சொல்வது இதைத்தான். ஆக்சிஜன் வந்து சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிப் போடுகிறது. ஆக, வள்ளத்துக்கு மேல் படலமாவதும், பாட்டிலுக்குள் கெட்டுப் போவதும், ரத்தத்தில் மருந்தாவதும் எல்லாம் ஒரே இரட்டைப் பிணைப்பின் வேலை.

நிற்க. இந்தக் கட்டுரை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. போன வருஷம் அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு ஐந்நூறைத் தாண்டியிருந்தது. அந்த அளவுக்குப் போனால் கணையம் வீங்கி ஆபத்தாகலாம் என்று டாக்டர் சொன்னார். சோற்றைக் குறை, இனிப்பைக் குறை, மற்றதையும் நிறுத்து என்றார். (மற்றது எது என்று எங்கள் தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள்.) கூடவே ஒமேகா-3 செறிவு மாத்திரை, தினம் நான்கு. சீட்டைப் படித்தது நான்தான். வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருத்தி. மருந்துக் கடையில் விலையைக் கேட்டதும் அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, நாம கூறு போட்டு விக்குற சாளையில இருக்குற எண்ணெய்க்கா இம்புட்டு ரூவா?" பக்கத்திலேயே மூன்றில் ஒரு பங்கு விலையில் இன்னொரு மீன் எண்ணெய் மாத்திரையும் இருந்தது. இதை வாங்கினால் என்ன என்று அம்மா கேட்டது நியாயமான கேள்வி.

அட்டையைத் திருப்பிப் படித்தால் பதில் இருக்கிறது. மலிவான மாத்திரையில் எண்ணெய் 1000 மில்லிகிராம். ஆனால் அதில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120; ஆக மொத்தம் 300. மீதி 700 வேறு கொழுப்பு. இது சாதாரண மீன் எண்ணெயின் இயற்கை அளவு. உலகம் முழுக்கப் பெரும்பாலும் பெரு நாட்டுக் கடலின் நெத்திலி இன மீனிலிருந்து இப்படித்தான் வருகிறது. டாக்டர் எழுதிய வகையில் ஒரு மாத்திரையில் இரண்டும் சேர்ந்து 840. நான்கு போட்டால் 3,360 மில்லிகிராம். அதே அளவு மலிவானதில் வேண்டுமானால் தினம் பதினொன்றுக்கு மேல் விழுங்க வேண்டும். கூடவே 8 கிராம் வேண்டாத கொழுப்பும் உள்ளே போகும். கொழுப்பைக் குறைக்கக் கொழுப்பைத் தின்ற கதை! மொத்த விலைக்குப் பார்த்தாலும் மலிவில்லை. அம்மாவிடம் நான் சொன்னேன்: "எண்ணெய்க்கு இல்லம்மா, வேண்டாததை எடுத்து எறிஞ்சதுக்குத்தான் இந்தக் காசு."

எப்படி எடுத்து எறிகிறார்கள்? மீனை வேக வைத்து, பிழிந்து, தண்ணீரையும் எண்ணெயையும் மையவிலக்கியில் பிரிப்பது ஆரம்பம். நம் பக்கத்தில் இதற்கு நூறு வருஷத்துக்கு மேல் வரலாறு உண்டு. 1907-ல் சென்னை மாகாண மீன்வளத் துறையைத் தொடங்கி நடத்திய பிரடெரிக் நிக்கல்சன், மலபார் கரையில் அழுகிய மத்தியிலிருந்து எண்ணெய் எடுத்த வழக்கத்தை மாற்றி, புது மீனை வேக வைத்துப் பிழியும் முறையைப் பரப்பினார். (அங்கே மத்தி, இங்கே சாளை, மீன் ஒன்றுதான்.) பிறகு காரம் சேர்த்துத் தனி அமிலத்தை நீக்குவது, களிமண்ணில் வடித்து நிறம் போக்குவது, வெற்றிடத்தில் நீராவி செலுத்தி வாடை போக்குவது. இவை கடலை எண்ணெய்க்கும் உள்ளவை, விட்டுவிடுவோம்.

செறிவாக்கல் இதற்குப் பிறகு. சீப்பில் எந்தப் பல் எங்கே தொங்குகிறது என்பது கலந்து கிடக்கும். ஒரே கிளிசராலில் ஒரு பல் டி.எச்.ஏ., பக்கத்துப் பல் பால்மிட்டிக். சீப்போடு பிரித்தால் பிரியாது. ஆகவே எத்தனாலும் வினையூக்கியும் சேர்த்துப் பற்களைத் தனித்தனியே பிடுங்கி எத்தில் எஸ்டர் ஆக்குகிறார்கள். கிளிசரால் அடியில் தங்கிவிடும். இப்போது நீளத்தைப் பார்த்துப் பிரிக்கலாம், வளைவைப் பார்த்தும் பிரிக்கலாம்.

நீளத்துக்கு மூலக்கூறு வடித்தல். சாதாரணமாகக் கொதிக்க வைத்தால் டி.எச்.ஏ. கருகிப் போகும். அதனால் காற்றை அநேகமாக முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, சூடான சுவரில் எண்ணெயை மெல்லிய படலமாக வழிய விடுவார்கள். ஆவியாகிற மூலக்கூறு சில சென்டிமீட்டர் தூரம் பறந்தால் எதிரே குளிர்ந்த சுவர். வழியில் வேறு மூலக்கூறில் முட்டாமலே போய்ச் சேர்ந்துவிடும். சூடு படுவது சில வினாடிதான். 14, 16 கார்பன் உள்ளவை முதலில் பறக்கும். 20, 22 தங்கும். ஆனால் 20 கார்பனில் இ.பி.ஏ.யும் உண்டு, ஒரே பிணைப்பு உள்ள வேறொன்றும் உண்டு. நீளம் ஒன்றானால் இந்த முறை தடுமாறும்.

அங்கேதான் யூரியா வருகிறது. எனக்குப் பிடித்த இடம் இது. தூத்துக்குடி ஸ்பிக் ஆலையிலிருந்து மூட்டை மூட்டையாக வயலுக்குப் போகிற அதே யூரியாதான். 1828-ல் வோலர் செய்ததாக நாம் மனப்பாடம் செய்தோமே, அதுவே. தனியாகப் படிகமானால் அது இறுக்கமான நாற்கோண அமைப்பு. உள்ளே யாருக்கும் இடமில்லை. பக்கத்தில் நேரான நீண்ட சங்கிலி இருந்தால் மட்டும் மனம் மாறி, அந்தச் சங்கிலியைச் சுற்றி அறுகோணக் குழாயாக அடுக்கிக் கொள்ளும். குழாயின் உள் அகலம் சுமார் 5 ஆங்ஸ்ட்ராம். குச்சி நுழையும், சுருண்ட நரம்பு நுழையாது. 1940-ல் ஜெர்மனியில் பெங்கன் என்பவர் பாலோடு யூரியா சேர்த்துச் சோதித்தபோது எதிர்பாராமல் இது புலப்பட்டது. பிறகு பெட்ரோலியத்திலிருந்து மெழுகு பிரிக்கவும் பயன்பட்டது. வேதிப்பிணைப்பு ஒன்றும் இல்லை, வெறும் சிறைதான். தண்ணீர் ஊற்றினால் சுவர் கரைந்து கைதி வெளியே வந்துவிடுவான்.

எங்கள் துறை ஆய்வகத்தில் சாரின் அனுமதியோடு மூன்று பேர் இதைச் செய்து பார்த்தோம். சாளை எண்ணெயைக் காரத்தில் கொதிக்க வைத்துச் சோப்பாக்கி, அமிலம் விட்டுக் கொழுப்பு அமிலங்களைத் தனியே எடுத்தோம். அதன் எடையைப் போல மூன்று மடங்கு யூரியாவைச் சூடான எத்தனாலில் கரைத்து ஒன்றாகக் கலந்தபோது தெளிவான தேன் நிறத் திரவம். மெதுவாக ஆற விட்டு, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்தோம். காலையில் முகவை நிறைய வெள்ளை ஊசிகள்! கவிழ்த்தால்கூட உடனே கொட்டவில்லை. உறிஞ்சு புனலில் வடிகட்டியபோது நல்ல மஞ்சள் நிறத்தில் திரவம் இறங்கியது. எத்தனாலைப் போக்கி, தண்ணீரில் கழுவி அயோடின் எண் பார்த்தால் முதலில் இருந்ததைவிட வெகுவாகக் கூடியிருந்தது. வடிதாளில் தங்கியதில் வெகுவாகக் குறைந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எங்களுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இங்கே எழுத முடியாது.

ஒரு கணக்கு: பேச்சுக்காக எடுத்துக் கொள்ளுங்கள், 100 கிலோ எண்ணெய் எஸ்டர், அதில் வேண்டியது 30 கிலோ, வேண்டாதது 70. யூரியா வேண்டாததில் 60-ஐப் பிடித்துக் கொள்கிறது, வேண்டியதில் 5-ஐயும் தவறவிடுகிறோம். மீதி திரவம் 35 கிலோ. அதில் 25 ஒமேகா-3. அதாவது 30 சதவீதம் 71 சதவீதமாகிவிட்டது. ஆனால் 100 கிலோ 35 கிலோவாகிவிட்டது! இன்னும் சுத்தம் வேண்டுமானால் இன்னும் இழக்க வேண்டும். விலையின் சூத்திரம் இந்த நான்கு வரியில் இருக்கிறது. 840 மாத்திரையின் அளவுக்குப் போக வடித்தலையும் யூரியாவையும் சேர்த்து ஓட்டுகிறார்கள். இப்போது மிகை அழுத்தத்தில் கார்பன்-டை-ஆக்ஸைடைக் கரைப்பானாக்கும் முறையும், டி.எச்.ஏ.யைத் தொடத் தயங்குகிற லைபேஸ் நொதியைக் கொண்டு பிரிக்கும் முறையும் உண்டு. யூரியா முறைக்கு ஒரு குறை சொல்ல வேண்டும். எத்தனாலோடு சூடாக வைத்தால் எத்தில் கார்பமேட் என்ற வேண்டாத பொருள் சிறிது உண்டாகலாம். அதனால் சூட்டையும் நேரத்தையும் அடக்கி வைக்க வேண்டும்.

கடைசியில் காற்றுக்குப் பயந்து வைட்டமின் இ சேர்த்து, நைட்ரஜன் நிரப்பி, ஜெலட்டின் உறையில் அடைக்கிறார்கள். 2017-ல் வந்த கோடெக்ஸ் தரவிதிப்படி மீன் எண்ணெயின் பெராக்ஸைடு எண் கிலோவுக்கு 5-ஐத் தாண்டக் கூடாது. வீட்டில் சோதிக்கக் கருவி வேண்டாம். மாத்திரையை ஊசியால் குத்தி மோந்து பார்த்தால் போதும். மீன் வாசம் இருக்கலாம், சிக்கு வாடை இருக்கக் கூடாது. எத்தில் எஸ்டர் வகையானால் சாப்பாட்டோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சப்படாது.

இதெல்லாம் கேட்டு எல்லோரும் வாங்கத் தொடங்கிவிட வேண்டாம்! 1970-களில் டென்மார்க்கின் பாங், டயர்பர்க் என்ற இருவர் கிரீன்லாந்து இனுயிட் மக்களை ஆராய்ந்ததிலிருந்து இதய நோய்க்கு மீன் எண்ணெய் என்ற பேச்சு கிளம்பியது. 1999-ல் இத்தாலியில் மாரடைப்பு வந்த 11,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு நல்ல பலன் காட்டியது. 2018-ல் வெளிவந்த, 25,871 பேர் பங்கேற்ற 'வைட்டல்' ஆய்வில் தினம் ஒரு கிராம் கொடுத்தும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதே ஆண்டு 'ரெட்யூஸ்-இட்' ஆய்வில் ட்ரைகிளிசரைடு கூடியவர்களுக்கு தினம் 4 கிராம் சுத்தமான இ.பி.ஏ. கொடுத்ததில் இதய பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. இரண்டும் கலந்து 4 கிராம் கொடுத்த 'ஸ்ட்ரென்த்' ஆய்வு 2020-ல் பலனில்லை என்று பாதியில் நிறுத்தப்பட்டது. அதிக அளவில் இதயத் துடிப்புச் சீர் கெடுவதும் சிலருக்குக் காணப்பட்டது. ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் என்பதில் மட்டும் சண்டை இல்லை. அமெரிக்க அரசு 2004-லேயே 500-ஐத் தாண்டியவர்களுக்கு இந்தச் செறிவு எண்ணெயை மருந்தாக அனுமதித்தது. நோய் இல்லாதவர் வாரத்தில் இரண்டு நாள் சாளைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டால் போதும் என்பது என் கட்சி. பொரித்தால் மீனின் எண்ணெய் சட்டிக்குப் போய், சட்டி எண்ணெய் மீனுக்கு வந்துவிடும்.

அப்பாவுக்கு மூன்று மாதத்தில் முந்நூறுக்குக் கீழே வந்தது. மாத்திரையாலா, சோறு குறைந்ததாலா, 'மற்றது' நின்றதாலா என்று பிரித்துச் சொல்ல எந்த யூரியாவும் இல்லை.

சாளையும் எப்போதும் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. கேரளக் கரையில் 2012-ல் சுமார் 4 லட்சம் டன் பிடிபட்ட மீன், 2021-ல் வெறும் 3,297 டன். அதனால் மீனை விட்டுவிட்டு, முதலில் சொன்ன நுண்பாசியையே தொட்டியில் வளர்த்து டி.எச்.ஏ. எடுக்கிறார்கள். அமெரிக்காவில் 2002-லிருந்து குழந்தைப் பால் பவுடரில் சேர்வது அந்த எண்ணெய்தான். சைவர்களுக்கும் வழி பிறந்தது.

எங்கள் வடிதாளில் தங்கிய வெள்ளைப் பகுதியைத் தண்ணீரில் கரைத்து, மேலே மிதந்த கொழுப்பு அமிலத்தை எடுத்துக் காரம் சேர்த்துச் சோப்புக் கட்டியாக வார்த்தோம். துறை அலுவலகத்துக்குப் பக்கத்துக் குழாயடியில் வைத்திருக்கிறோம். நன்றாக நுரைக்கிறது. வாடைதான் போகவில்லை.